வரப்போகும் மின்சார எம்3: வீல் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

ஒரு புது ஸ்போர்ட்ஸ் செடானைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி குதிரைத்திறன், இரண்டாவது விலை, மூன்றாவது வீல். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். தெரிந்ததைத் தகவலாகவும், என் ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

முதலில், எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்?

பிஎம்டபிள்யூவின் வேகக் கார்களைச் செய்யும் எம் பிரிவு 2027 முதல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கும் முழு மின்சார வரிசையில், எல்லோரும் காத்திருக்கும் எம்3 செடான். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், 800 வோல்ட் மின்னமைப்பு, 100 கிலோவாட்-மணிநேரத்துக்கு (kWh) மேற்பட்ட பேட்டரி என்பது வரை நிறுவனமே சொல்லிவிட்டது. இதன் அடித்தளத்துக்கு ‘நோயே கிளாஸ்’ என்று பெயர். 1962இல் விற்பனைக்கு வந்து அந்த நிறுவனத்தையே தூக்கி நிறுத்திய 1500 செடான் வரிசையின் பெயரை எடுத்து மறுபடி வைத்திருக்கிறார்கள். இந்தப் புது அடித்தளத்தில் முதலில் வந்தது ஐஎக்ஸ்3 எஸ்யூவி, 2025 செப்டம்பரில். செடான் எப்படி இருக்கும் என்பதற்கான முன்னோட்டம் அதற்கும் இரண்டு வருடம் முன்பே, 2023இல் மியூனிக் கண்காட்சியில் வைத்த ‘விஷன் நோயே கிளாஸ்’ கான்செப்ட்.

கான்செப்டில் பார்த்த வீல் அப்படியே ஷோரூமுக்கு வருமா?

வராது. ஆனால் முழுக்கக் காணாமலும் போகாது.

கான்செப்ட் கார் லாரியில் ஏறி வரும், மேடையில் நிற்கும், விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக நகரும். அதன் டயரில் அழுத்தம் சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும், மலையிறக்கத்தில் பிரேக் சூடானால் காற்று எங்கே போகும், கார் கழுவுகிறவரின் விரல் ஸ்போக் இடுக்கில் நுழையுமா என்ற கவலையெல்லாம் வடிவமைப்பாளருக்குக் கிடையாது. அதனால் வீல் வளையம் பெரிதாகும், ரப்பர் மெலிதாகும்.

நல்ல உதாரணம் பக்கத்துக் கடையில் இருக்கிறது. போர்ஷே 2015இல் ‘மிஷன் இ’ என்ற கான்செப்டைக் காட்டியபோது முன்னால் 21, பின்னால் 22 அங்குல வீல். அதுவே 2019இல் டைகானாக விற்பனைக்கு வந்தபோது அடிப்படை வீல் 19 அங்குலம். ஆனால் கூடுதல் பணம் கொடுத்தால் ‘மிஷன் இ டிசைன்’ என்ற பெயரிலேயே 21 அங்குல வீல் ஒன்று கிடைத்தது. வடிவம் தங்கியது, அளவு இறங்கியது. இந்தக் கணக்கை அப்படியே பிஎம்டபிள்யூவுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

விஷன் நோயே கிளாஸில் இருந்தவையும் 21 அங்குலம்தான். அவற்றின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய பின்னல், எண்பதுகளின் பந்தயக் கார்களில் பார்த்த மெஷ் வீலை நினைவூட்டியது. அந்தப் பின்னல் ஏதாவது ஒரு உருவத்தில் எம்3இல் தலைகாட்டும் என்று பந்தயம் கட்டத் தயார்.

அந்த மெஷ் வீலில் அப்படி என்ன விசேஷம்?

முதல் எம்3, இ30 (ஒவ்வொரு தலைமுறைக்கும் பிஎம்டபிள்யூ இப்படி ஒரு குறியீடு வைக்கும்), 1986இல் தயாரிப்புக்குப் போனபோது காலில் போட்டிருந்தது அதுதான். 15 அங்குலம், பிபிஎஸ் பாணிக் குறுக்கு ஸ்போக். பிபிஎஸ் என்பது பாம்கார்ட்னர், பிராண்ட் என்ற இரண்டு பேரின் பெயரும், ஷில்டாக் என்ற ஜெர்மன் ஊரின் பெயரும் சேர்ந்த சுருக்கம். 1970இல் தொடங்கிய கம்பெனி. பிஎம்டபிள்யூ தன் வீல்களுக்கு வரிசை எண் போட்டுத்தான் கூப்பிடும். அதில் ‘ஸ்டைல் 5’ என்றால் தெரிந்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்வார்கள். அதுவும் பிபிஎஸ் செய்த குறுக்கு ஸ்போக் வீல்தான்.

மெல்லிய ஸ்போக் நிறைய இருந்தால் சுமை சமமாகப் பரவும், பிரேக்குக்குக் காற்றும் கிடைக்கும். அன்றைக்கு அதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். இன்றைக்கு அது பெரும்பாலும் ஞாபகத்துக்காக. கழுவுவதற்கு மட்டும் அன்றும் இன்றும் ஒரே தலைவலி.

சரி, எத்தனை அங்குலம் எதிர்பார்க்கலாம்?

என் ஊகம்: அடிப்படையில் முன்னால் 19, பின்னால் 20. மேல் ரகத்தில் முன்னால் 20, பின்னால் 21. அதற்கு மேல் போனால் வருத்தப்படுவேன்.

பழைய கணக்கைப் பாருங்கள். இ30க்கு 15, கடைசியில் வந்த ஸ்போர்ட் எவல்யூஷனுக்கு 16. இ36க்கு 17. இ46க்கு 18, விரும்பினால் 19. அதற்கடுத்த இரண்டு தலைமுறையும் பெரும்பாலும் 18, 19 என்றே ஓடின. 2020இல் வந்த ஜி80இல் முன்னும் பின்னும் அளவு பிரிந்து, 18/19 அல்லது 19/20 ஆனது. ஏறக்குறைய 35 வருடத்தில் ஐந்து அங்குலம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இ30இன் டயர் 205/55 ஆர்15, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், வளையம் 15 அங்குலம். பக்கச்சுவர் உயரம் 113 மில்லிமீட்டர், தரையிலிருந்து உச்சிவரை மொத்த விட்டம் சுமார் 607 மில்லிமீட்டர். ஜி80இன் பின் டயர் 285/30 ஆர்20. பக்கச்சுவர் 86 மில்லிமீட்டர்கூட இல்லை, மொத்த விட்டம் 679. ரப்பரோடு சேர்த்துப் பார்த்தால் சக்கரம் ஏழு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உலோக வளையம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. மிச்ச இடத்தை ரப்பரிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். ‘பெரிய வீல்’ என்று நாம் சொல்வதில் பாதி, மெலிந்த டயர்.

பேசாமல் 18 அங்குலத்தோடு நிறுத்தலாமே?

பிரேக் விடாது. ஜி80இல் காசு அதிகம் கொடுத்து கார்பன் செராமிக் பிரேக் எடுத்தால் முன் டிஸ்க்கின் விட்டம் 400 மில்லிமீட்டர். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர், அதுவும் டயர் உட்காரும் இடத்தின் அளவு. உலோகத்தின் தடிமனைக் கழித்தால் உள்ளே கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு மேலே துருத்தி நிற்கும் கேலிப்பருக்கும் அதற்குள்தான் இடம் வேண்டும். அது நுழையாது.

வேகமான காரில் வீல் அளவை முதலில் தீர்மானிப்பது பிரேக். வடிவமைப்பாளரின் ஆசை அதற்கு மேல்தான் ஏறி உட்காரும்.

மின்சாரக் காருக்குப் பிரேக்கே அதிகம் தேவைப்படாது என்கிறார்களே?

தினசரி ஓட்டத்தில் உண்மைதான். மோட்டாரே பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. புதுத் தலைமுறைக் கார்களில் சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும் நேரங்களில் 98 சதவீதம் இப்படியே முடிந்துவிடும் என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது.

எம் காரை மீதி இரண்டு சதவீதத்தை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் வேகமாகச் சுற்றும்போது பேட்டரி நிரம்பியிருந்தாலோ சூடேறியிருந்தாலோ அவ்வளவு சக்தியையும் வாங்கிக்கொள்ள முடியாது. அப்போது வேலை டிஸ்க்குக்கு வரும். காரும் எடை கூடியது. ஆகவே பெரிய டிஸ்க், அதற்குக் காற்று, அதற்குத் திறந்த வீல். ஆனால் தூரம் ஓட வேண்டுமென்றால் மூடிய வீல். இந்தக் காரின் வீல் மேசையில் நடக்கும் சண்டையே இதுதான்.

இந்தச் சண்டைக்கு ஒரு பழைய தீர்வு உண்டு. எண்பதுகளின் கடைசியில் வந்த, எம்3ஐவிடப் பெரிய செடானான இ34 எம்5இல், வீலின் முகத்தில் மின்விசிறி இலைபோல மக்னீசியத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். சக்கரம் சுழலச் சுழல அது பிரேக்கிலிருந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய காரின் வீல் கப் மாதிரி சாதுவாக இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் ‘இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய காருக்கு வீல் கப்பா?’ என்று கேட்டிருப்பார்கள். இந்த யோசனையைத் தூசி தட்டி எடுத்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

வீலை மாற்றினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் அவ்வளவு குறையுமா?

குறையும், நம்பமுடியாத அளவுக்கு. ஹூண்டாய் ஐயோனிக் 6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மாடல், அமெரிக்க அரசின் கணக்கு. அதே பெரிய பேட்டரி, அதே பின்சக்கர மோட்டார். 18 அங்குல வீல் போட்ட ரகம் 361 மைல், அதாவது 581 கிலோமீட்டர். 20 அங்குலம் போட்ட ரகம் 305 மைல், 491 கிலோமீட்டர். தொண்ணூறு கிலோமீட்டர் போய்விட்டது. மேல் ரகத்தில் சாமான்களும் கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும், பெரும்பங்கு வீலுக்கும் டயருக்கும்தான்.

காரின் மொத்தக் காற்றுத்தடையில் ஏறக்குறைய கால் பங்கு சக்கரமும் அதைச் சுற்றிய வளைவும் உண்டாக்குவது. ஸ்போக் ஒவ்வொன்றும் காற்றை வெட்டிக்கொண்டே சுழல்கிறது. அதனால்தான் 2020இல் வந்த முதல் ஐஎக்ஸ்3இல், லேசான அலுமினிய வீலின் இடைவெளிகளில் தனித் தகடுகளை அடைத்து ‘ஏர் பெர்ஃபார்மன்ஸ் வீல்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த முறை எம்3க்கும் வரும், குறைந்தபட்சம் அடிப்படை ரகத்துக்கு.

அப்படி மூடிய வீல்கள் ஏன் பார்க்கச் சகிக்கவில்லை?

எல்லாமே அப்படி இல்லை. நம் கண் பழகியது ஆழத்துக்கு. ஸ்போக்குக்கு நடுவே இருட்டு, இருட்டுக்குள் பளபளக்கும் டிஸ்க், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் நிறக் கேலிப்பர். தட்டையாக மூடிவிட்டால் அந்த ஆழம் போய்விடும், சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆகிவிடும். கெட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மெல்லிய ஸ்போக்கை வெள்ளி நிறத்தில் விட்டு, இடையில் அடைத்த தகட்டைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் திறந்த வீல், பக்கத்தில் போனால் மூடிய வீல். இதை ஏமாற்று என்பார்கள் சிலர். ஒப்பனை என்று சொல்வது நியாயம்.

கறுப்பா, வெள்ளியா, இரண்டும் கலந்ததா?

கறுப்பு வேண்டாம் என்பது என் கட்சி. முழுக்கக் கறுப்பு வீல் போட்ட கார் பத்தடி தள்ளிப் பார்த்தால் சக்கரமே இல்லாததுபோல் இருக்கும். எம் பிரிவின் சிஎஸ் என்ற, எடை குறைத்த சிறப்பு ரகங்களில் வரும் தங்க வெண்கல நிறம் ஒன்று உண்டு. அது பச்சை, வெள்ளை, சாம்பல் வண்டிகளுக்கு அற்புதம், சிவப்புக்கு வேண்டாம்.

இரட்டை நிற டயமண்ட் கட் பற்றி ஒரு எச்சரிக்கை. முகத்தை லேத்தில் சீவி, உலோகத்தைப் பளபளவென்று விட்டு, மேலே தெளிவான லேக்கர் பூசுவதுதான் டயமண்ட் கட். போன வருடம் ஒரு நண்பரின் வண்டியை வீல் ரிப்பேர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நாலு வருடம் ஓடியது. ஸ்போக்கின் ஓரத்தில், நடைபாதை உரசிய ஒரு சின்னக் கீறலிலிருந்து, லேக்கருக்கு அடியில் வெள்ளை இழைகள் புழு மாதிரி நெளிந்து பரவியிருந்தன. நகத்தால் சுரண்டினால் லேக்கர் பொருக்கு பொருக்காக உரிந்து வந்தது. அந்தக் கீறல் வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பட்டறைக்காரர் வீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இன்னொரு தடவை சீவலாம். அதுக்கு மேல உலோகம் தாங்காது” என்றார். பெயின்ட் அடித்த வீலுக்கு இந்தக் கணக்கே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

ஃபோர்ஜ்டு வீல் என்றால் என்ன? பார்த்தால் தெரியுமா?

சாதாரண அலாய் வீல், உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. ஃபோர்ஜ்டு என்பது சூடாக்கிய அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அழுத்தி உருவாக்குவது. இரும்புக் கொல்லன் அடிப்பதற்கும் வார்ப்புப் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம். உலோகம் நெருங்கிப் போவதால் அதே பலத்துக்குக் குறைந்த எடை போதும். நடுவில் ஃப்ளோ ஃபார்மிங் என்று ஒரு வகை: முகம் வார்ப்பு, வளையம் மட்டும் உருட்டி இழுத்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, முதுகைத் திருப்ப வேண்டும். நல்ல ஃபோர்ஜ்டு வீலில் ஸ்போக்கின் பின்பக்கத்தைக் கரண்டியால் தோண்டியதுபோல் குடைந்து எடுத்திருப்பார்கள். அங்கேயே பொறித்த எழுத்துகளும் இருக்கும். ஜி80இன் முன் வீலில் ‘9.5ஜே×19’ என்றால் அகலம் ஒன்பதரை அங்குலம், விட்டம் 19. பக்கத்தில் ‘ஐஎஸ் 20’ என்றால் ஆஃப்செட் 20 மில்லிமீட்டர். வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் தளம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். வீல் ஆர்ச்சோடு டயர் சரிசமமாக நிற்கிறதா, உள்ளே பதுங்கியிருக்கிறதா என்பதை முடிவுசெய்யும் எண்களில் இதுவும் ஒன்று. ‘ஸ்டான்ஸ்’ என்று பையன்கள் மணிக்கணக்காகப் பேசுவதில் பாதி இந்தச் சின்ன எண்ணில் அடங்கிவிடும்.

நான்கு மோட்டார் இருக்கும்போது முன்னும் பின்னும் ஏன் வெவ்வேறு அளவு?

நியாயமான கேள்வி. பழைய காரணம், பின்சக்கரம் மட்டும் தள்ளும் வண்டிக்குப் பின்னால் அகல ரப்பர் வேண்டும் என்பது. நான்கும் தள்ளும்போது அந்தக் காரணம் பலவீனமாகிறது. ஆனாலும் வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாயும், எம்3 வாங்குகிறவருக்குப் பின்பக்கம் கொஞ்சம் விளையாட வேண்டும், பின்னால் ஒரு அங்குலம் பெரிதாக இருந்தால் நிற்கும்போதே பாயத் தயாரானதுபோல் தெரியும். மூன்றாவது காரணம்தான் உண்மையானது என்று சந்தேகிக்கிறேன்.

வீலில் விளக்கு எரியுமாமே?

2025 ஏப்ரலில் ஷாங்காயில் காட்டிய ‘விஷன் டிரைவிங் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சோதனைக் காரில் எரிந்தது. வேகம் கூட்டினால் பச்சை, சக்தியைத் திருப்பி எடுக்கும்போது நீலம், பிரேக் பிடித்தால் ஆரஞ்சு. உள்ளே ஓடும் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்க்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. விற்பனைக்கு வராது என்று நினைக்கிறேன், வரவும் வேண்டாம். தீபாவளி வருடத்துக்கு ஒரு முறை போதும்.

என்னிடம் இருக்கும் பழைய பிஎம்டபிள்யூ வீலை இதில் மாட்ட முடியுமா?

அந்த ஆசையை விடுங்கள். இ46 காலத்து வீல்களில் ஐந்து போல்ட் துளைகளும் 120 மில்லிமீட்டர் வட்டத்தில், நடுத்துளை 72.6. ஜி தலைமுறையில் வட்டம் 112க்கும் நடுத்துளை 66.6க்கும் மாறிவிட்டது. அடாப்டர் போட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி எடையும் நான்கு மோட்டாரின் முறுக்கும் உள்ள வண்டியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். வெளிச்சந்தையில் புது வீல் வாங்கினாலும், அழகுக்கு முன்னால் ஒரு வீல் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணைக் கேளுங்கள். டயருக்கும் அப்படித்தான். கனமான மின்சாரக் கார்களுக்கென்றே ‘எச்எல்’ என்ற அதிகச் சுமை வகை இப்போது வருகிறது.

நம் ஊர் ரோட்டில் இதெல்லாம் தாங்குமா?

30 சீரிஸ் டயரோடு மழைக்கால இரவில் தண்ணீர் நிற்கும் சாலையில் போனவருக்கு இந்தக் கேள்வி எழாது, பதில் தெரியும். எனக்கு ஒரு முறை நடந்தது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ‘டொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, வளையத்தின் உள் விளிம்பில் ஒரு நெளிவு. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி கிடையாது, ஒரு சின்னக் கம்ப்ரஸரும் ஒரு டப்பா பசையும்தான். பக்கச்சுவர் போனால் பசை எதற்கும் உதவாது. லாரி வரும்வரை அங்கேயே நின்றேன்.

இன்றைய எம்3இலும் ஸ்டெப்னி இல்லை, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரும் இல்லை. அடுத்ததிலும் பேட்டரிக்கு மேலே அதற்கு இடம் ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உளவுப் படங்களில் வீலைப் பார்த்து எதைக் கண்டுபிடிக்கலாம்?

கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டிய சோதனை வண்டிகளின் வீலை முழுசாக நம்பக்கூடாது. கைக்குக் கிடைத்த வேறு மாடல் வீலை மாட்டி ஓட்டுவது வழக்கம்தான். ஆனால் மூன்று இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்போக்கின் உள்பக்கத்துக்கும் கேலிப்பருக்கும் நடுவே விரல்கூட நுழையாது என்றால், அதுதான் அந்தப் பிரேக்குக்குப் பொருந்தும் மிகச் சிறிய வீல், அதற்குக் கீழே வராது. கேலிப்பர் தங்க நிறம் என்றால் செராமிக். டயரின் பக்கச்சுவரில் அளவு எழுதியிருக்கும். நல்ல கேமராவில் எடுத்த படமென்றால் அதை வாசித்தே விடலாம், ஊகத்துக்கே வேலை இல்லை.

இதுவரை வந்த எம்3களில் உங்களுக்குப் பிடித்த வீல்?

2003இல் வந்த, எடை குறைத்த இ46 சிஎஸ்எல் ரகத்தின் 19 அங்குலம். அதில் ஒரு கோடுகூட அதிகப்படி கிடையாது.

புது எம்3 வாங்கினால் எந்த வீலை எடுப்பீர்கள்?

பிரேக் அனுமதிக்கும் மிகச் சிறிய அளவு, ஃபோர்ஜ்டு, ஒரே நிற வெள்ளிப் பெயின்ட். பணம் வேறு யாராவது கட்டுகிறார்கள், டயரும் அவர்களே மாற்றித் தருகிறார்கள் என்றால் பின்னால் 21, தங்க வெண்கல நிறம்.